ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்த பிறகு

ஆண்களுக்கான கருத்தடை ஆபரேஷனைக் காலையில் செய்து கொண்டால் அன்றைக்கே வீடு திரும்பி விடலாம். கத்தி வைத்துக் கீறாமல், சிறு துளை வழியாகவே விந்துக் குழாயைக் கட்டும் இந்த முறையைச் சீனாவில் டாக்டர் லீ ஷுன்சியாங் 1974-இல் கண்டுபிடித்தார். தையல் கிடையாது. தையல் இல்லை என்பதால் புண்ணும் இல்லை என்று எண்ணி விடாதீர்கள்.

டோல்கேட் பக்கம் இருப்பவர்கள் மெட்ரோவிலோ ஆட்டோவிலோ துணையோடு வாருங்கள். கண்டெய்னர் லாரி ஓடிக் குண்டும் குழியுமான ரோட்டில் அன்று சைக்கிள், ஸ்கூட்டர் வேண்டாம்.

மரத்துப் போக ஊசி போட்டிருப்பதால் முதலில் வலி தெரியாது. ஓரிரு மணி நேரத்தில் ஊசியின் வேகம் இறங்கியதும் அடிவயிறு வரை இழுப்பது போல் இருக்கும். பயப்பட வேண்டாம். டாக்டர் கொடுத்த பாராசிட்டமாலைச் சீட்டில் உள்ளபடி சாப்பிடுங்கள். வலி தாங்கலையே என்று இரண்டு வேளை மாத்திரையை ஒன்றாகப் போடக் கூடாது. கடையில் ஆஸ்பிரின் கேட்டு வாங்காதீர்கள், அது ரத்தக் கசிவை அதிகமாக்கும். சாராயம் வலியைக் கொல்லும் என்பது வெறும் பேச்சு.

ஐஸ் ஒத்தடம் நல்ல சுகம் தரும். காசிமேட்டிலிருந்து வாங்கிய மீன் ஐஸ் ஆனாலும் சரி, பிளாஸ்டிக் பையில் கட்டி, மேலே துணி சுற்றிப் பத்து நிமிஷம் வையுங்கள். கட்டு நனையக் கூடாது. மஞ்சள், எண்ணெய், சாம்பல் எதுவும் தடவ வேண்டாம். விதைப்பை தொங்காமல் இறுக்கமான ஜட்டியோ கோவணமோ கட்டுங்கள். வலி பாதி குறைவது இதனால்தான்.

முதல் இரண்டு நாள் ஓய்வு. பிறகு உட்கார்ந்து செய்யும் வேலைக்குப் போகலாம். ஆனால் துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர்கள், வலை இழுக்கிறவர்கள் ஒரு வாரம் பொறுத்தே ஆக வேண்டும். கூலி போகிறதே என்ற கவலை நியாயமானதுதான். மூன்றாம் நாளே பாரம் தூக்கி, உள்ளே ரத்தம் கட்டி வீங்கினால் போவது ஒரு வாரக் கூலி அல்ல, ஒரு மாதக் கூலி. மேஸ்திரியிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். வீட்டுக்காரம்மாவும் தண்ணீர்க் குடத்தை அந்த வாரம் உங்களிடம் கொடுக்க மாட்டார்.

கொஞ்சம் நீலம் பாய்வதும் சிறு வீக்கமும் சகஜம். காய்ச்சல், சீழ், நிற்காத ரத்தம், பெரிதாகிக் கொண்டே போகும் வீக்கம் இவற்றில் ஒன்று கண்டாலும் விடியட்டும் என்று காத்திராமல் ராத்திரியே ஸ்டான்லி போன்ற பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

இன்னொன்று. குழாயில் முன்பே தங்கிய விந்தணு உடனே தீராது. மூன்று மாதம் நிரோத் உபயோகியுங்கள். அதன் பிறகு விந்துப் பரிசோதனை செய்து, அணு இல்லை என்று டாக்டர் எழுதிக் கொடுத்த பிறகே நிறுத்தலாம்.