முதுமைக்கால வருவாயும் பங்குச் சந்தை நிலவரமும்

மாதச் சம்பளம் பெறுவோர் பலருக்கு முதுமையில் ஓய்வூதியமோ வருங்கால வைப்பு நிதியோ உண்டு. நிலத்தை நம்பி வாழும் உழவர் உடல் தளர்ந்தபின் யாது செய்வது? அறுவடைப் பணத்தையும், சாலைக்கு நிலம் கொடுத்துப் பெற்ற இழப்பீட்டையும் பங்குகளில் போடுமாறு தூண்டுவோர் இன்று கைப்பேசி வழியே கிராமங்களுக்கும் வந்துவிட்டனர். ஆகவே, அச்சந்தையின் இயல்பை நம் பஞ்சாயத்து உறுப்பினர்கள் அறிந்திருத்தல் அவசியமாகும்.

சந்தையின் இயல்பு

பங்கு என்பது ஒரு கம்பெனியின் உடைமையில் சிறு கூறு. கம்பெனி செழித்தால் பங்கின் விலை ஏறும், நலிந்தால் இறங்கும். 1875-இல் தோன்றிய பம்பாய்ப் பங்குச் சந்தையின் 30 பெரிய கம்பெனிகளைக் கொண்டு கணிக்கப்படுவதே 'சென்செக்ஸ்' எனும் குறியீட்டெண்.

2008 ஜனவரியில் இவ்வெண் 21,000-ஐத் தொட்டது. அமெரிக்காவில் வீட்டுக் கடன்கள் முறிந்து, அந்நிய முதலீட்டாளர் பணத்தைத் திரும்பப் பெற்றபோது, அக்டோபரில் 8,000-க்கும் கீழே வீழ்ந்தது. பழைய உயரத்தை மீண்டும் எட்டியது 2010 நவம்பரில்தான். உச்சத்தில் போட்ட ஒரு லட்சம், இடையில் 40,000 ரூபாய்க்கும் குறைந்திருக்கும். முப்பத்தைந்து வயதுக்காரர் பொறுத்திருக்கலாம். மருத்துவச் செலவுக்காக அப்போதே விற்க நேர்ந்த முதியவரோ இழந்தது இழந்ததே. மேலும், குறியீட்டெண் மீண்டாலும் ஒவ்வொரு கம்பெனியும் மீளும் என்பதற்கில்லை.

வயதுக்கேற்ற பங்கீடு

விதை நெல்லை விற்று எவரும் சூதாடுவதில்லை. ஐந்தாறு ஆண்டுகளுக்குள் தேவைப்படும் பணத்தைப் பங்குகளில் இடலாகாது. அதற்கு அஞ்சலகமும் வங்கியும் உள்ளன. நீண்டகாலப் பணத்தில் ஒரு பகுதியை மட்டும், பல கம்பெனிகளில் பரவலாக முதலீடு செய்யும் பரஸ்பர நிதியில் மாதந்தோறும் சிறுகச் சிறுக இடலாம். வயது ஏற ஏற அப்பகுதியைக் குறைத்தல் வேண்டும். தேசிய ஓய்வூதியத் திட்டத்தின் மிதமான பிரிவில், 35 வயது வரை நூற்றுக்கு 50 ஆக உள்ள பங்கு முதலீடு, 55 வயதில் 10 ஆகக் குறைக்கப்படுகிறது.

முன்பேர வணிகத்தை அறவே விலக்குக. 2021-22 முதல் 2023-24 வரை அதில் ஈடுபட்ட தனிநபர்களுள் நூற்றுக்கு 93 பேர் நட்டமடைந்தனர் எனப் பங்குச் சந்தைகளை மேற்பார்க்கும் 'செபி' கண்டறிந்துள்ளது.

உழவருக்குரிய திட்டங்கள்

2019-இல் தொடங்கிய பிரதமரின் கிசான் மான்தன் திட்டத்தில், 2 ஹெக்டேர் வரை நிலமுள்ள, 18 முதல் 40 வயதுக்குட்பட்ட உழவர் சேரலாம். வயதுக்கேற்ப மாதம் 55 முதல் 200 ரூபாய் செலுத்தினால், மத்திய அரசும் அதே தொகையைச் செலுத்தும். 60 வயதுக்குப்பின் மாதம் 3,000 ரூபாய் கிடைக்கும்.

2015-இல் தொடங்கிய அடல் ஓய்வூதியத் திட்டத்தில், மாதம் 5,000 ரூபாய் ஓய்வூதியம் பெற 18 வயதில் சேருபவர் செலுத்த வேண்டியது மாதம் 210 ரூபாய். 40 வயதில் சேருபவருக்கோ 1,454 ரூபாய். வருமான வரி செலுத்துவோர் இதில் சேர இயலாது. காலந்தாழ்த்துவதன் விலை யாதென்பதை இவ்விரு எண்களே உணர்த்தும்.

பஞ்சாயத்தின் கடமை

'உறுதியாக இரட்டிப்பாகும்' என்று கூறுவோரிடம் செபியின் பதிவு எண்ணைக் கேட்டுச் சரிபார்க்க மக்களைப் பழக்குவோம். நாற்பது வயதைக் கடக்குமுன் இளம் உழவர்கள் இத்திட்டங்களில் சேர்ந்துவிட, ஒவ்வொரு கிராம சபையிலும் இச்செய்தியை எடுத்துரைப்போமாக.