கூவல் நீரும் குவளை ஒழுக்கமும்

முன்னுரை

திருவள்ளுவர் கடவுள் வாழ்த்தினை அடுத்து வான்சிறப்பினை வைத்தார். உயிருள்ளவை அனைத்தும் நீரினின்றே ஆக்கப்பட்டன எனத் திருக்குர்ஆன் (21:30) அறிவிக்கின்றது. இவ்விரு மரபுகளிலும் தோய்ந்த நாம் நீரின் பெருமையினை மேடைதோறும் பேசி வந்துள்ளோம். ஆயினும் ஒரு குடம் நீரைக் குடிக்கத் தக்கதாக்கிக் காக்கும் முறையினைக் கற்றோமில்லை என்பதை ஒரு முகாமே நமக்கு உணர்த்திற்று.

காஞ்சிபுரத்திலிருந்து வாலாஜாபாத் செல்லும் வழியில் அமைந்த நெசவூர் ஐயம்பேட்டை. அதற்கப்பால், பாலாற்றங்கரைத் தோப்பொன்றில் சில ஆண்டுகட்கு முன் நாட்டு நலப்பணித் திட்ட மாணவர் ஐம்பதின்மருடன் ஏழு நாள் தங்கினோம். மின்சாரமும் இல்லை, குழாயும் இல்லை. நீரைக் காய்ச்சியே கொடுத்தோம். எனினும் நான்காம் நாள் இரவு மாணவர் ஒன்பதின்மர் வயிற்றுப்போக்கினால் வாடினர். ஒருவரை நள்ளிரவில் மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல நேர்ந்தது. காய்ச்சிய நீரை வாயகன்ற அண்டாவில் மூடாது ஆறவைத்திருந்தோம். அனைவரும் ஒரே குவளையைக் கை நனைய அமிழ்த்தி முகந்தனர். பிழை மாணவருடையதன்று, பொறுப்பேற்றுச் சென்ற நம்முடையது. அப்பாடத்தைப் பிறருக்கும் பயன்படுமாறு வகுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஊற்று நீர்

வறண்ட நிலத்தில் தோண்டிய சிறு கிணற்றினைச் சங்கப் புலவர் கூவல் என்றனர். ஆற்று மணலில் அகழ்வதை நாம் ஊற்று என்கின்றோம். மணலினூடே ஊறிவரும் நீர் ஓரளவு வடிகட்டப்பட்ட நீரேயாம். 1914-ஆம் ஆண்டில் சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் அமைந்த நீரேற்று நிலையத்தின் மணல் வடிகட்டிகளும் இத்தத்துவத்தின்பாற்பட்டனவே. ஊற்றினைக் கழிப்பிடத்திற்கும் கால்நடைத் துறைக்கும் தொலைவில், ஆற்றோட்டத்தின் மேற்புறத்தே அகழ்தல் வேண்டும். முதலில் ஊறும் கலங்கல் நீரை இறைத்துவிட்டுப் பின்னரே முகத்தல் நன்று.

தெளிவித்தல்

கலங்கிய நீரைத் தெளிவிக்கும் இல்லத்து விதையினைக் கலித்தொகை உவமையாக ஆண்டுள்ளது. அதுவே இன்று நாம் வழங்கும் தேற்றாங்கொட்டை. மட்பானையின் உட்புறத்தே அதனை உரைத்து நீர் வார்த்தால், மிதக்கும் மண்துகள்கள் ஒன்றுகூடி அடியில் தங்கிவிடும். தெளிந்த நீரைக் கலங்காமல் வடித்தெடுத்தல் வேண்டும்.

அடுத்தது துணி. ரீட்டா கோல்வெல் என்னும் அறிஞரும் அவர்தம் குழுவினரும் வங்காளதேசச் சிற்றூர்களில் ஆய்ந்து 2003-இல் வெளியிட்ட முடிவு வியப்பளிப்பது. பழைய சேலையை நான்கு மடிப்புக்குக் குறையாமல் மடித்து நீரை வடிகட்டிய ஊர்களில் காலரா நோய் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. காலராக் கிருமி நீரில் வாழும் நுண்ணிய மிதவை உயிர்களைப் பற்றியிருப்பதால், அவ்வுயிர்கள் துணியில் தங்குங்கால் கிருமியும் தங்குகின்றது. புதுத்துணியினும் பலகால் துவைத்த பழந்துணியே சிறந்தது. துவைக்கத் துவைக்க இழையிடை வெளி சுருங்குமாதலின். முகாமுக்கு நூற்சேலைகளைத் தந்த ஐயம்பேட்டை முதிய நெசவாளர் ஒருவரும், "புதுசு வேணாம் வாத்தியாரய்யா, பழசுதான் நல்லா வடிக்கும்" என்றே கூறினார்.

ஆயினும் தெளிவு வேறு, தூய்மை வேறு. கண்ணாடி போன்ற நீரிலும் கண்ணுக்குப் புலனாகாக் கிருமிகள் உறையும். தேற்றாங்கொட்டையும் துணியும் முதற்படியே, முடிவல்ல.

கிருமி நீக்கல்

கிருமி நீக்கும் வழிகளுள் மூன்று முகாமுக்கு ஏற்றவை.

ஒன்று, காய்ச்சுதல். நீர் தளதளவெனக் கொதித்தபின் ஒரு நிமிடமேனும் கொதிக்கவிடல் வேண்டும். 2000 மீட்டருக்கு மேற்பட்ட மலையிடங்களில் மூன்று நிமிடம் தேவை.

இரண்டு, குளோரின் மாத்திரை. அரை கிராம் மாத்திரை ஒன்று 20 லிட்டர் நீருக்குப் போதும். நாளொன்றுக்கு ஒருவர்க்கு 3 லிட்டர் எனக் கொண்டால் ஐம்பதின்மருக்கு 150 லிட்டர், எட்டு மாத்திரைகள். இட்டபின் அரைமணி நேரமேனும் பொறுத்தல் வேண்டும். மாத்திரைகள் பல அளவுகளில் கிடைப்பதால் உறையிலுள்ள குறிப்பினைப் படித்தே இடுக. கலங்கல் நீரில் இதன் ஆற்றல் குன்றும்.

மூன்று, கதிரவன். தெளிந்த நீரை இரண்டு லிட்டருக்கு மேற்படாத நிறமற்ற பிளாஸ்டிக் புட்டிகளில் நிரப்பி ஆறு மணி நேரம் நல்வெயிலில் கிடத்தினால் கிருமிகள் மடியும். வானம் மூடியிருப்பின் இரண்டு நாள் வைத்தல் வேண்டும். விறகும் மருந்தும் இல்லாதவிடத்து இது பெருந்துணையாம்.

சேமித்தல்

நாம் தவறியது இவ்விடத்தேதான். காய்ச்சிய நீரில் மீண்டும் கிருமி புகாமல் தடுக்கும் ஆற்றல் ஏதும் இல்லை. குளோரின் மட்டுமே சிறிது காலம் காவல் நிற்கும். ஆகவே குறுகிய வாயுடைய, மூடியும் குழாயும் அமைந்த கலமே சேமிப்பிற்கு உகந்தது. அது கிடையாவிடில் நீண்ட காம்புடைய அகப்பை ஒன்றினால் மட்டுமே முகத்தல் வேண்டும். குடிக்கும் குவளை அவரவர்க்குத் தனித்தனியே அமைதல் வேண்டும்.

இவை புதுமையல்ல. இரவில் பாத்திரங்களை மூடவும் நீர்த்துருத்திகளின் வாயைக் கட்டவும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பணித்தார்கள். துயிலெழுந்தவர் கையைக் கழுவாமல் பாத்திரத்துள் இடலாகாது என்றும், பருகுங்கால் கலத்தினுள் மூச்சு விடலாகாது என்றும் நபிமொழிகள் உள்ளன. இவற்றை வகுப்பில் ஓதினோம். அண்டாவின் அருகில் மறந்தோம்.

வடிகட்ட இயலாதது

இறுதியாக ஒன்று. மேற்கூறிய எம்முறையும் நீரில் கரைந்த உப்பினையும் நச்சு உலோகங்களையும் நீக்காது. காய்ச்சினால் உப்பு மேலும் செறியும். ஐயம்பேட்டைக்கு வரும் பாலாறு வாணியம்பாடி, ஆம்பூர், இராணிப்பேட்டை வழியே வருவது. அங்குள்ள தோல் பதனிடும் ஆலைகளின் கழிவு பற்றிய வழக்கில், மாசுபடுத்தியவரே ஈடு செலுத்தல் வேண்டும் என்னும் நெறியினை உச்ச நீதிமன்றம் 28.8.1996 அன்று உறுதிசெய்தது. தோல் வணிகத்தில் ஈட்டிய பொருள் நம் சமுதாயக் கல்விக்கூடங்கள் பலவற்றை எழுப்பியது. அந்நன்றியை மறவோம், ஆனால் அந்நன்றி நம் வாயை அடைத்துவிடலாகாது. நீர் எடுக்குமுன் அதனைக் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் சோதிப்பித்தலே இதற்குத் தக்க வழி.

முடிவுரை

கப்பலின் மேல்தளத்தாரையும் கீழ்த்தளத்தாரையும் பற்றிய நபிமொழி ஒன்று புகாரியில் உண்டு. மேலே சென்று நீர் எடுக்கச் சலித்த கீழ்த்தளத்தார் தம் பகுதியில் துளையிட எண்ணுகின்றனர். மற்றவர் தடுத்தால் யாவரும் பிழைப்பர். வாளாவிருந்தால் யாவரும் அழிவர். ஆறும் அக்கப்பலைப் போன்றதே. அண்டாவை மூடுதல் மாணவர் கடமை. அதனைக் கற்பித்தல் ஆசிரியர் கடமை. ஆற்றைக் காத்தல் பெரியோர் கடமை. இம்மூன்றும் ஒருங்கே நிகழுமாயின், அடுத்த முகாமில் நம் பிள்ளைகள் அச்சமின்றிப் பருகுவர்.