இலவச மென்பொருளுக்கும் விலை உண்டு

இந்தப் பகுதியில் வழக்கமாகக் கொள்முதல், கடன், கையிருப்பு என்றுதான் எழுதி வருகிறேன். ஆனால் சில மாதங்களாக என்னிடம் வரும் கேள்விகளில் ஒன்று கடைப் பக்கமிருந்து வராமல் வீட்டுப் பக்கமிருந்து வருகிறது. உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு இருக்கும் மகன், கணனி விளையாட்டுத் தயாரிக்கும் தொழிலுக்குப் போகிறேன் என்கிறான். யுனிட்டி, அன்ரியல், கோடோ, கேம்மேக்கர் என்று நாலு பெயரைச் சொல்கிறான். எதைப் படிக்க விடுவது? ஹாட்வெயார் கடை நடத்தும் ஹாஜியார் ஒருவர் இதையே வேறு விதமாகக் கேட்டார். "நானா, எல்லாம் இலவசம் எண்டு சொல்றான். இலவசமெண்டா எதை எடுத்தா என்ன?"

விடயமே அந்தக் கேள்விக்குள்தான் இருக்கிறது. சரக்குக்குக் காசு கொடுப்பதில்லை என்பது உண்மை. ஆனால் பத்தொன்பது வயதுப் பிள்ளையின் ஒன்றரை வருடம் இதில் இறங்குகிறது. வேறு எந்த முதலீட்டையும் நட்டத்துக்காவது விற்றுவிடலாம். போன வருடத்தை விற்க முடியாது. நான் நிரல் எழுதத் தெரிந்தவன் அல்லன். எனவே ஒரு புதிய விநியோகஸ்தரைப் பற்றி விசாரிப்பது போலவே இந்த மென்பொருள்களைப் பற்றியும் விசாரித்தேன்.

முதலில், இது என்ன பொருள்? 'கேம் எஞ்ஜின்' என்பதைப் பேக்கரியின் போறணையோடு ஒப்பிடலாம். பந்து விழுந்தால் துள்ள வேண்டும், சுவரில் மோதினால் நிற்க வேண்டும், சத்தம் வர வேண்டும், படம் திரையில் அசைய வேண்டும். இவ்வளவையும் அது தயாராக வைத்திருக்கும். பாணுக்கு மாவும் கைப்பக்குவமும் நம்முடையவை. யுனிட்டி பிறந்த கதையே இதற்கு நல்ல உதாரணம். 2004 இல் டென்மார்க்கின் கோப்பன்ஹேகனில் மூன்று இளைஞர்கள் சேர்ந்து ஒரு விளையாட்டைத் தயாரித்து 2005 இல் வெளியிட்டார்கள். அது விலைபோகவில்லை. அதைச் செய்வதற்காகத் தாங்கள் உருவாக்கிய கருவியை அதே வருடம் விற்பனைக்கு விட்டார்கள். பலகாரம் விற்க வந்தவர்கள் அடுப்பு விற்றுப் பெரிய கம்பனியானார்கள்.

இனி 'இலவசம்' என்ற சொல்லுக்கு வருவோம். யுனிட்டியின் இலவசப் பதிப்பை, கடந்த பன்னிரண்டு மாத வருமானம் 200,000 டொலரைத் தாண்டாதவரை பாவிக்கலாம். அமெரிக்காவின் எபிக் கேம்ஸ் கம்பனியுடைய அன்ரியலில், ஒரு விளையாட்டு ஈட்டும் முதல் பத்து இலட்சம் டொலருக்கு எதுவும் இல்லை. அதற்கு மேல் நூற்றுக்கு ஐந்து வீதம் பங்கு. கேம்மேக்கரைப் பழகுவதற்குக் கட்டணம் கிடையாது. செய்ததை விற்பதாயின் ஒரே தடவை சுமார் நூறு டொலர். கோடோ என்பது ஆர்ஜென்டினாவைச் சேர்ந்த இருவர் உருவாக்கி, 2014 இல் மூலநிரலோடு பொதுவில் விட்டது. அதற்குப் பங்குமில்லை, கட்டணமுமில்லை. இந்தத் தொகைகளைப் பார்த்து எந்த வாப்பாவும் கவலைப்படத் தேவையில்லை. இரண்டு இலட்சம் டொலர் உழைத்த பிள்ளை கட்டணத்தைத் தானே கட்டிக்கொள்வான். பார்க்க வேண்டியது ஒப்பந்தத்தை.

2023 செப்டெம்பர் 12 ஆம் திகதி யுனிட்டி கம்பனி ஓர் அறிவித்தல் விட்டது. 2024 ஜனவரி முதல், குறிப்பிட்ட வருமானத்தையும் பதிவிறக்க எண்ணிக்கையையும் தாண்டிய விளையாட்டுகள், அதன்பின் ஒவ்வொரு தடவை ஒருவருடைய போனில் நிறுவப்படும்போதும் கட்டணம் செலுத்த வேண்டும் என்பதே அதன் சாரம். மிகக் கீழ்ப் பதிப்புக்கு, அமெரிக்கா போன்ற நாடுகளில் தடவைக்கு 20 சதம். நம் தொழிலில் இதை இப்படிச் சொல்லலாம்: பத்து வருடமாக ஒரு கடையை வாடகைக்கு வைத்திருக்கிறீர்கள், கட்டட உரிமையாளர் வந்து, "இனிமேல் கடைக்குள் கால் வைக்கும் ஆளுக்கு இவ்வளவு" என்கிறார். வந்தவர் சாமான் வாங்கினாரா என்பது அவருக்குத் தேவையில்லை. ஏற்கெனவே விற்பனையில் இருந்த விளையாட்டுகளுக்கும் அது பொருந்தும் என்பதுதான் தயாரிப்பாளர்களைக் கொதிக்க வைத்தது.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். இலவசமாகக் கொடுத்து விளம்பரத்தில் உழைக்கும் ஒரு விளையாட்டு. எல்லையைத் தாண்டிய பின் அந்த நாடுகளில் இன்னும் 10 இலட்சம் பேர் அதை நிறுவுகிறார்கள். தலைக்கு 20 சதம் என்றால் 200,000 டொலர். விளம்பரத்தில் தலைக்குப் பத்துச் சதம்தான் கிடைத்திருந்தால், வியாபாரம் கூடக் கூட நட்டமும் கூடும். இப்படியொரு விலைப்பட்டியலை நமது மொத்த வியாபாரி ஒருவர் நீட்டினால் அடுத்த நாளே வேறு கடை பார்ப்போம். அவர்களும் பார்த்தார்கள். மெகா கிரிட் என்ற அமெரிக்கத் தயாரிப்பாளர்கள், இரண்டு வருடத்துக்கு மேல் யுனிட்டியில் செய்துகொண்டிருந்த தமது அடுத்த விளையாட்டைக் கோடோவுக்கு மாற்றினார்கள். ரீ-லொஜிக் என்ற இன்னொரு கம்பனி கோடோவுக்கு ஒரு இலட்சம் டொலர் அன்பளிப்புச் செய்தது.

யுனிட்டி பத்து நாளில் பின்வாங்கி, இலவசப் பதிப்புக்கு விலக்களித்தது. ஒக்டோபரில் அதன் தலைவர் விலகினார். 2024 செப்டெம்பரில் அந்தக் கட்டணமே இரத்துச் செய்யப்பட்டது. பதிலுக்குக் காசு கட்டிப் பாவிக்கும் பதிப்புகளின் விலை 2025 இலிருந்து கூட்டப்பட்டது. ஆகவே இன்று யுனிட்டியைப் படிக்கவே கூடாது என்று நான் சொல்லமாட்டேன். கைத்தொலைபேசி விளையாட்டுத் தயாரிக்கும் கம்பனிகளில் அதற்குள்ள இடம் பெரிது. ஆனால் வாடகைக் கடைக்கும் சொந்தக் கடைக்கும் உள்ள வித்தியாசம் இதில் தெரிந்துபோயிற்று. கோடோவின் உரிமப் பத்திரத்தை, ஏற்கெனவே வெளிவந்த பதிப்புகளுக்கு யாரும் திரும்பப் பெற முடியாது. அதற்குரிய குறையும் உண்டு: கம்பனியாக ஆள் எடுப்பவர்கள் இன்னும் பெரும்பாலும் மற்ற இரண்டையும்தான் கேட்கிறார்கள்.

இன்னொரு ஆபத்து, கருவியே இல்லாமல் போவது. ஃபிளாஷ் என்ற மென்பொருளை ஒரு காலத்தில் எத்தனை பிள்ளைகள் காசு கட்டிப் படித்தார்கள்! 2007 இல் வந்த ஐபோன் அதை ஏற்கவில்லை. 2017 இல் அடோபி கம்பனி முடிவுத் திகதியை அறிவித்தது. 2020 டிசம்பர் 31 உடன் ஆதரவை நிறுத்தியது. மைக்ரோசொப்ட் 2006 இல் வெளியிட்ட எக்ஸ்.என்.ஏ. என்ற கருவியும் 2013 அளவில் கைவிடப்பட்டது. ஆனால் எக்ஸ்.என்.ஏ. படித்தவர்கள் தெருவுக்கு வரவில்லை. அதில் எழுதும் மொழி சீ ஷார்ப். அதே மொழிதான் யுனிட்டியிலும். எக்ஸ்.என்.ஏ. போன்றே இயங்கும் மொனோகேம் என்ற இலவசக் கருவியும் பின்னர் வந்தது. ஸ்டார்டியூ வேலி என்ற, ஒரே ஆள் தனியாக இருந்து செய்து 2016 இல் வெளியிட்டு உலகமெங்கும் விலைபோன விளையாட்டு எக்ஸ்.என்.ஏ. யில் எழுதப்பட்டதுதான், பின்னர் அது மொனோகேமுக்கு மாற்றப்பட்டது. தராசு மாறினாலும் நிறுக்கத் தெரிந்தவனுக்கு வேலை இருந்தது.

எனவே மகனிடம் கேளுங்கள்: இந்த மென்பொருள் நாளைக்கு மூடப்பட்டால் உன் கையில் என்ன மிஞ்சும்? யுனிட்டி என்றால் சீ ஷார்ப் மிஞ்சும். அன்ரியல் என்றால் சீ பிளஸ் பிளஸ் மிஞ்சும், அதைப் படித்தால். அங்கே எழுதாமல் பெட்டிகளைக் கோடுகளால் இணைத்தே வேலையை முடிக்கவும் வழி உண்டு. அதோடு நின்றுவிட்டால் வெளியே கொண்டுபோக அதிகமில்லை. கோடோவுக்குச் சொந்த மொழி ஒன்று இருக்கிறது, பைத்தன் மொழியின் சாயல் கொண்டது. சீ ஷார்ப்பிலும் எழுதலாம்.

அடுத்தது, என்ன சரக்குச் செய்யப் போகிறான் என்பது. உண்மையான காடு, உண்மையான மனித முகம் என்று காட்டும் பெரிய விளையாட்டுகளுக்கு அன்ரியல் பெயர் பெற்றது. கட்டப்படாத வீட்டைக் கட்டியது போல் காட்டும் வேலைக்கும் கட்டடத் துறையில் அதைப் பாவிக்கிறார்கள். ஆனால் அதற்குப் பலமான கணனி வேண்டும், பதிவிறக்கமே பல பத்து ஜிகாபைட், கூடவே படம் வரைவோர் ஒரு கூட்டம் வேண்டும். தனியாக உட்கார்ந்து தொடங்கும் பிள்ளைக்கு அது அளவுக்கு மிஞ்சிய கடை. கோடோ பழைய கணனியிலும் ஓடும், பதிவிறக்கமும் சிறியது.

ஹாஜியாருக்கு நான் சொன்னது இது. வேலைக்குப் போவது நோக்கமானால் யுனிட்டி, சீ ஷார்ப்பை ஒழுங்காகப் படித்து. சொந்தமாகச் சிறிய விளையாட்டுகள் செய்து விற்பது நோக்கமானால் கோடோ. முடிவெடுக்கு முன், இரண்டிலும் இரண்டு இரண்டு வாரம் ஒரே சிறிய விளையாட்டைச் செய்து பார்க்கட்டும். பந்தைத் தட்டித் திருப்பும் பழைய ஆட்டம் போதும். அதன்பின் ஒரு வருடத்துக்கு மாற்றவே வேண்டாம். மூன்று மாதத்துக்கு ஒன்றாகத் தாவுகிறவன் எல்லாவற்றிலும் முதல் பாடத்தில்தான் நிற்பான். புதிய மடிக்கணனியை, அந்த முதல் விளையாட்டு முடிந்த பிறகு வாங்கிக் கொடுங்கள்.

விற்பனைக்கு விடும் செலவையும் இப்போதே எழுதி வையுங்கள். கூகுள் பிளேயில் பதிவுக்கு ஒரே தடவை 25 டொலர். தனிநபர் பெயரில் புதிதாகத் திறக்கும் கணக்கானால், வெளியிடுமுன் 12 பேர் 14 நாள் தொடர்ந்து பரீட்சித்திருக்க வேண்டும். அதற்கு மச்சான்மாரையும் நண்பர்களையும் முன்கூட்டியே பிடித்து வைக்கலாம். அப்பிளில் வருடத்துக்கு 99 டொலர், கூடவே ஒரு மெக் கணனியும் தேவைப்படும் என்பதால் அதைப் பிறகு பார்க்கலாம். கணனி விளையாட்டுச் சந்தையான ஸ்டீமில் ஒரு விளையாட்டுக்கு 100 டொலர். விற்பனை 1,000 டொலரை எட்டினால் அந்தத் தொகை திரும்பக் கிடைக்கும்.