நிறமும் மனமும்

காலையில் பீரோவைத் திறந்ததும் கை தானாக ஒரு சேலையை நோக்கிப் போகிறது. மகிழ்ச்சியான நாளில் பளிச்சென்ற நிறம். மனம் சோர்ந்த நாளில் சாம்பலோ பழுப்போ. மனநிலைதான் நிறத்தைத் தேர்ந்தெடுக்கிறது. ஆனால் எந்த நிறம் எந்த உணர்வுக்கு உரியது என்பதை நமக்குக் கற்றுத் தருவது யார்? பழக்கமே.

1840இல் விக்டோரியா மகாராணி வெள்ளை உடையில் மணம் புரிந்தார். மேலைநாட்டு மணப்பெண்களிடம் அந்த வழக்கம் பரவியது. 1861இல் கணவர் ஆல்பர்ட் இறந்தபின், 1901இல் தாம் மறையும்வரை துக்கத்தின் கறுப்பையே உடுத்தினார். நம் நாட்டிலோ பல சமூகங்களில் வெள்ளைதான் கைம்பெண்ணின் நிறம். கறுப்பு நல்ல காரியத்துக்கு ஆகாது என்போம். ஆனால் சபரிமலைக்கு மாலை அணிந்தவர்கள் அதைப் பக்தியோடு உடுத்துகிறார்கள். மராட்டியப் பெண்கள் மகர சங்கராந்திக்கு ஆசையாகக் கறுப்புச் சேலை கட்டுகிறார்கள்.

ஆகவே, சோகம் நிறத்தில் இல்லை. நாம்தான் அதை ஏற்றி வைத்திருக்கிறோம். ஏற்றியதை இறக்கவும் முடியும். 2013இல் பிருந்தாவனத்தில் வெள்ளைச் சேலையில் வாழ்ந்த கைம்பெண்கள் வண்ணப்பொடி தூவி ஹோலி கொண்டாடினார்கள். அந்த வெள்ளை அவர்கள் மனம் தேர்ந்தெடுத்ததன்று, ஊர் கொடுத்தது.

நம் வீட்டிலும் கணவரை இழந்த தாயோ தமக்கையோ இருக்கலாம். தீபாவளிக்குத் துணி எடுக்கும்போது, "இவர்களுக்கு வெளிர் நிறம் போதும்" என்று நாமே முடிவு செய்ய வேண்டாம். "உங்களுக்கு எந்த நிறம் பிடிக்கும்?" என்று ஒரு வார்த்தை கேட்போமே!