புல்லரைக் கீழே வை, தம்பி

புதிதாக வேலைக்குச் சேர்ந்த பையனிடம் "முன்பக்கத்து டார்ஷன் கீ ரெண்டையும் கழற்று" என்று சொல்லிப் பாருங்கள். நேராகப் போய் இரண்டு கால் புல்லரை எடுத்துக்கொண்டு வருவான். அவனைக் குறை சொல்ல முடியாது. பேரிங், புல்லி, கியர் என்று எல்லாவற்றையும் அதில்தான் இழுத்துப் பழகியிருக்கிறான். "அதைக் கீழே வை தம்பி, முதல்ல வண்டிக்கு அடியில வந்து பாரு" என்று கூப்பிட்டுப் படுக்க வைத்துக் காட்டுவேன். பார்க்காமல் இந்த வேலையைச் சொல்லிப் புரியவைக்க முடியாது.

நான் போர்மேனாக இருக்கும் கராஜ் குவைத்தின் ஷுவைக் பகுதியில் இருக்கிறது. இந்த ஊரில் பிக்கப் என்றால் வானெட், ஜி.எம்.சி. வண்டி எதுவானாலும் ஜிம்ஸ். சில்வராடோ, சியரா, டாஹோ, யூகோன் என்று அமெரிக்க வண்டிகள் வந்தவண்ணம் இருக்கும். முன்பக்கம் தாழ்ந்து தெரிகிறது, தூக்கிக் கொடு என்று கேட்டு வருபவர்கள் அதில் ஏராளம். அப்படித் தூக்க வேறு கீ போடத்தான் பழைய கீயைக் கழற்றுவது. பாலைவனத்தில் கூடாரம் போடும் குளிர்கால சீசன் நெருங்கினால் கேட்கவே வேண்டாம்.

1988 மாடலில் ஜெனரல் மோட்டார்ஸ் தன் பெரிய 4x4 பிக்கப்புகளின் முன்பக்கத்தில் கெட்டி அச்சையும் லீஃப் ஸ்பிரிங்கையும் விட்டுவிட்டு டார்ஷன் பாருக்கு வந்தது. காரணம் எளிது. முன்சக்கரத்துக்குப் போகும் டிரைவ் ஷாஃப்ட், காயில் ஸ்பிரிங் உட்கார வேண்டிய இடத்தின் நடுவே ஓடும். ஸ்பிரிங்கை நீளக் கம்பியாக மாற்றிச் சேஸி ஓரமாகப் படுக்க வைத்துவிட்டால் அந்தச் சண்டை தீர்ந்தது. 2007இல் வந்த புதிய வடிவத்தில் 1500 ரக வண்டிகள் காயிலுக்கு மாறிவிட்டன. 2500, 3500 ஹெச்.டி. வண்டிகளில் டார்ஷன் பார் அதற்குப் பிறகும் தொடர்கிறது. ஆகவே இந்த வேலை எங்களை விட்டுப் போகப்போவதில்லை.

பாரின் முன்முனை லோயர் ஆர்மில் செருகியிருக்கும். பின்முனை அறுகோணமாக இருக்கும். கிராஸ் மெம்பருக்குள் அதில் மாட்டியிருக்கும் கனமான இரும்புக் கைதான் கீ. சக்கரம் ஆர்மைத் தூக்கத் தூக்கப் பார் முறுக்கிக்கொண்டு கீயின் நுனியைக் கீழே தள்ளப் பார்க்கும். அதை ஒரு போல்ட்டு கீழிருந்து தாங்கி நிற்கிறது. அந்தப் போல்ட்டு ஓடுவது கிராஸ் மெம்பரின் காடியில் சும்மா உட்கார்ந்திருக்கும் ஒரு கட்டை நட்டுக்குள்.

சிக்கல் இங்கேதான். அந்தப் போல்ட்டு குட்டையானது. அதை முழுக்கக் கழற்றி முடிக்கும் நேரத்திலும் பாரில் முறுக்கு மிச்சமிருக்கும். நட்டையும் எடுத்தால்தான் கீ கடைசிவரை இறங்கும். நட்டை எடுக்க வேண்டுமென்றால் வேறொன்று கீயைத் தூக்கிப் பிடித்திருக்க வேண்டும். இதற்கென்று இருக்கும் டூலின் வேலை அதுதான்: முதலில் தாங்க வேண்டும், பிறகு கொஞ்சம் கொஞ்சமாக இறக்கிவிட வேண்டும். இழுக்கிற வேலையே அதற்குக் கிடையாது.

எவ்வளவு பாரம் என்று பையன்கள் கேட்பார்கள். டீசல் எஞ்சின் வைத்த ஹெச்.டி. வண்டியில் முன் அச்சில் மட்டும் இரண்டு டன்னை நெருங்கும் எடை நிற்கிறது. சக்கரத்துக்கு ஏறக்குறைய ஒரு டன். பாரின் ஒரு முனையில் என்ன முறுக்கோ அதேதான் மறுமுனையிலும். கீ, லோயர் ஆர்மைவிட நீளம் குறைந்தது. கை குட்டையாக ஆக, அதே முறுக்குக்கு அதன் நுனியில் வரும் விசை கூடும். ஆக, வண்டி தரையில் நிற்கும்போது கீயின் நுனியில் இருப்பது சக்கரத்தில் இருப்பதைவிடப் பெரிய பாரம். சேஸிக்கு ஸ்டாண்டு கொடுத்துச் சக்கரத்தைத் தொங்கவிட்டால் அது நன்றாகக் குறையும், ஆனால் தீராது. சக்கரம் தொங்குகிறதே, இனி என்ன என்று போல்ட்டைக் கழற்றியவர்கள்தான் அடிபடுகிறார்கள்.

இப்போது புல்லருக்கு வருவோம். அதன் கால்கள் கிராஸ் மெம்பரின் மேல்விளிம்பை விரல்நுனி அளவுக்குத்தான் கவ்வும். திருகு ஏற ஏறக் கால்கள் வெளிப்பக்கமாக விரியும். இதைவிட மோசமான விஷயம் ஒன்று உண்டு. கீ நேராக மேலே போவதில்லை, வளைந்து போகிறது; பாரை மையமாக வைத்து ஒரு வில் போடுகிறது. புல்லரின் திருகோ நேர்கோட்டில்தான் போகும். தொடங்கும்போது கீயின் அடியிலுள்ள குழியில் பாந்தமாக உட்கார்ந்திருந்த திருகின் முனை, கீ ஏற ஏறச் சாய்ந்து ஓரத்துக்கு நகரும். ஒரு கட்டத்தில் வழுக்கும். பக்கத்து கராஜ் ஒன்றில் அப்படி வழுக்கிய புல்லர், கால் ஒன்று உடைந்து, வண்டியின் தரைத்தகட்டை அடியிலிருந்து கூடாரம்போல எழுப்பியிருந்ததைப் போய்ப் பார்த்தேன். அந்த நேரம் ஆள் டீ வாங்கப் போயிருந்தான் என்பதால் அது வெறும் தகட்டுக் கதையாக முடிந்தது.

சி-கிளாம்ப் பரவாயில்லையா என்றால், கொஞ்சம் பரவாயில்லை. அதுவே அதன் ஆபத்தும். பெரிய கிளாம்ப்பாக இருந்தால் பல தடவை வேலை செய்துவிடும், நம்பிக்கை வந்துவிடும். வார்ப்பிரும்புச் சட்டம் என்றால் எச்சரிக்கை இல்லாமல் விண்டுபோகும். வளையாது, நேராக உடையும். அடித்துச் செய்த எஃகுச் சட்டமாக இருந்தாலும் தட்டு முனை கீயின் குழியில் உட்காராது. தட்டைப் பிடுங்கிவிட்டு உருண்டை முனையோடு மாட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அவ்வளவு மெனக்கெடுவதற்கு உரிய டூலையே வாங்கிவிடலாம்.

உரிய டூல் என்பது ஜெனரல் மோட்டார்ஸ் ஒர்க்‌ஷாப் புத்தகம் சொல்லும் கென்ட்-மூர் ஜே-36202, அல்லது அதே வடிவத்தில் வரும் மற்ற கம்பெனிகளின் சரக்கு. பார்ப்பதற்கு ஒரு பெரிய 'சி' மாதிரி இருக்கும். மேல்கொக்கி கிராஸ் மெம்பரின் முதுகில் அகலமாக உட்காரும். கீழே தடித்த திருகு. அதன் முனை கீயின் குழிக்கு ஏற்ற வடிவம். விலை குறைந்த நகல்கள் சந்தையில் நிறைய. எல்லாம் மட்டம் என்று சொல்லமாட்டேன். நான் வாங்கும்போது முதலில் பார்ப்பது முனையைத்தான். திருகு சுற்றும்போது முனையும் சேர்ந்து சுற்றினால் அது குழியை அரைத்துக்கொண்டே வெளியேறும். முனை தனியாகச் சுழல வேண்டும், கொஞ்சம் சாயவும் வேண்டும். கீ போடும் வில்லுக்கு அப்போதுதான் டூல் ஈடுகொடுக்கும். அடுத்தது சட்டம். தகடுகளைப் போல்ட்டு போட்டுச் சேர்த்ததா, ஒரே துண்டா என்று பாருங்கள். சேர்த்ததாக இருந்தால் அந்தப் போல்ட்டுகளின் தலையில் தரக்குறி இருக்கிறதா என்று பாருங்கள். வெறும் தலையாக இருந்தால் வைத்துவிட்டு வந்துவிடுவேன்.

கொக்கியின் உயரம் வேறு கதை. டாஹோவுக்குப் பொருந்தும் டூல் 2500 ஹெச்.டி.யின் கிராஸ் மெம்பருக்குப் பொருந்தும் என்ற உத்தரவாதம் கிடையாது. கடைக்குப் போகும் முன் வண்டிக்கடியில் படுத்து, கிராஸ் மெம்பரின் முதுகிலிருந்து கீயின் குழிவரை டேப் வைத்து அளந்துகொள்ளுங்கள். முதுகுக்கும் தரைத்தகட்டுக்கும் நடுவில் கொக்கி நுழைய இடமிருக்கிறதா என்றும் கைவிட்டுப் பாருங்கள். சில வண்டிகளில் ஒரு பக்கம் எக்ஸாஸ்ட் குழாய் குறுக்கே நிற்கும். இடது பக்கத்தை ஜோராக முடித்துவிட்டு வலது பக்கம் டூல் ஏறாமல் விழித்த மெக்கானிக்குகளை எனக்குத் தெரியும்.

இத்தனையும் ஜிம்ஸுக்கு. இதே ஊரில் தெருவுக்குத் தெரு ஓடும் லேண்ட் குரூசர் 100க்கு இந்த டூலே தேவையில்லை. அதிலும் முன்பக்கம் டார்ஷன் பார்தான். ஆனால் டொயோட்டாக்காரர்கள் சரிசெய்யும் போல்ட்டை நீளமாகக் கொடுத்திருக்கிறார்கள். சக்கரத்தைத் தொங்கவிட்டு அதைத் தளர்த்திக்கொண்டே போனால் முறுக்கு தானாகத் தீர்ந்துவிடும். அதில் பார்க்க வேண்டியது வேறு: பார் அறுகோணமில்லை, பல்வரிசை. கழற்றும் முன் பாரிலும் அதில் மாட்டியிருக்கும் இரும்புக் கையிலும் பெயிண்ட் கோடு போடாவிட்டால் திரும்ப மாட்டும்போது ஒரு பல் தள்ளிப்போய் வண்டி சாய்ந்து நிற்கும். டூல் வாங்குமுன் உங்கள் வண்டி எந்த ஜாதி என்று பாருங்கள் என்று நான் சொல்வது இதனால்தான். ஹெச்.டி. வைத்திருப்பவருக்குக் கட்டாயம் தேவை, குரூசர்காரருக்கு வீண்செலவு.

டூலை மாட்டும் விதத்துக்கு வருகிறேன். வண்டியைத் தூக்கும் முன்பே போல்ட்டு நட்டுக்கு வெளியே எவ்வளவு நீட்டியிருக்கிறது என்று வெர்னியரால் அளந்து, இரண்டு பக்கமும் தனித்தனியாக எழுதிவைத்துக்கொள்வேன். இரண்டும் ஒன்றாக இருக்காது, இருக்கவும் வேண்டாம். திருகின் மரை முழுக்க மாலிப்டினம் கலந்த கிரீஸ் பூச வேண்டும். காய்ந்த மரை இந்தப் பாரத்தில் ஒன்றையொன்று கடித்துக்கொண்டுவிடும். அப்புறம் ஏற்றவும் முடியாது, இறக்கவும் முடியாது, கீ பாதியில் தொங்கும். அதைவிடக் கொடுமையான நிலை இந்த வேலையில் கிடையாது.

இம்பாக்ட் கன் வேண்டாம். சீக்கிரம் ஆகிறது என்பது உண்மைதான். ஆனால் முனை நகர்கிறதா, சட்டம் விரிகிறதா என்று கைக்குத் தெரிவது கன்னுக்குத் தெரியாது. நீளமான கைப்பிடியோடு கையால்தான் ஏற்ற வேண்டும். நாலைந்து திருப்புக்கு ஒருமுறை நிறுத்தி முனையைப் பார்க்க வேண்டும். முகமும் கையும் திருகுக்கு நேர் கீழே வராமல் பக்கவாட்டில் படுக்க வேண்டும். கீ போல்ட்டை விட்டு ஒரு மயிரிழை தூக்கினாலே போதும். அதற்குமேல் ஏற்றுவது சட்டத்தை வீணாக வதைப்பது. போல்ட்டையும் நட்டையும் எடுத்தபின் அதே நிதானத்தோடு இறக்குங்கள். எல்லாரும் அவசரப்படுவது இறக்கும்போதுதான்.

முறுக்கு தீர்ந்ததும் பாரை முன்பக்கமாக லோயர் ஆர்முக்குள் தள்ளினால் கீ கையில் வந்துவிடும். கடற்கரையோரம் ஓடிய வண்டிகளில் வராது, துரு பிடித்திருக்கும். கேஸ் டார்ச்சை எடுக்கத் தோன்றும். எடுக்காதீர்கள். பார் பதம் ஏற்றிய எஃகு. சூடுபட்ட இடம் பதம் இழந்துவிடும். துரு நெகிழ்த்தும் எண்ணெய் அடித்து ஒரு ராத்திரி விட்டுவிட்டு, கீயின் மேல் சுத்தியலால் தட்டுங்கள். பாரில் சுத்தியல் படக்கூடாது, ரெஞ்சால் கவ்வவும் கூடாது. கீறல் விழுந்த இடத்தில்தான் பின்னால் விரிசல் தொடங்கும். இடது வலது மாறாமல் சாக்பீஸில் குறித்து வையுங்கள். பார்களை அவை வேலை செய்யும் திசையிலேயே தொழிற்சாலையில் முன்கூட்டி முறுக்கி அனுப்புகிறார்கள். பக்கம் மாற்றிப் போட்டால் ஓடும், ஆனால் ஆயுசு கெடும்.

வண்டியைத் தூக்கும் வேறு கீ போட்டால் ஸ்பிரிங் கெட்டியாகும் என்று நம்பி வருகிற வாடிக்கையாளர் உண்டு. கெட்டியாகாது. அறுகோணத் துளையைக் கொஞ்சம் திருப்பி வெட்டியிருக்கிறார்கள், அவ்வளவுதான். பார் பழைய பார்தான். முன்பக்கம் உயரும், ஆர்ம் கீழ்நோக்கித் தொங்கும், டிரைவ் ஷாஃப்ட் ஜாயிண்ட்டின் கோணம் கூடும், மேல் ஆர்ம் தன் ரப்பர் தடுப்பில் போய் இடிக்கும். ஓரளவுக்குத் தூக்கிக் கொடுப்பேன். அதற்குமேல் கேட்டால் வேறு கராஜைப் பாருங்கள் என்று சொல்லிவிடுவேன்.

மாட்டிய பிறகு எழுதிவைத்த அளவுக்குப் போல்ட்டை ஏற்றி, வண்டியை இறக்கி, பம்பரைப் பிடித்து நாலுமுறை ஆட்டி, ஒரு சுற்று ஓட்டிவந்து பிறகுதான் உயரம் பார்ப்பது. மட்கார்டு விளிம்பை அளக்காதீர்கள். ஜெனரல் மோட்டார்ஸ் புத்தகத்தில் இசட் ஹைட் என்று இருக்கும், லோயர் ஆர்மின் பிவட் போல்ட்டுக்கும் நக்கிளின் அடிமூலைக்கும் உள்ள உயர வித்தியாசம். அதை அளங்கள். உயரம் மாறியிருந்தால் வீல் அலைன்மென்ட், பிறகு ஹெட்லைட் மட்டம்.

டூலைத் துடைத்து உள்ளே வைக்கும் முன் திருகை மண்ணெண்ணெயில் கழுவி மரையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பேன். பற்களின் நுனி பளபளவென்று கூர்மையாகத் தெரிந்தாலோ, சட்டத்தின் உள்வளைவில் மயிர்போல ஒரு கோடு தெரிந்தாலோ, வெல்டிங் வைத்துப் பார்க்கலாம் என்று யாராவது சொல்வார்கள். நான் அதைக் கட்டரில் இரண்டாக அறுத்துப் பழைய இரும்புத் தொட்டியில் போட்டுவிடுவேன். அறுக்காமல் போட்டால் ராத்திரி யாராவது எடுத்துப்போய் அடுத்த நாளே ஒரு வண்டிக்கு அடியில் மாட்டிவிடுவார்கள்.