சளி மாதிரியையும் கேட்டு வாங்கு

அன்புள்ள தம்பிக்கு,

இங்கிலாந்தில் ஒரு மருத்துவமனையின் நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் வேலைக்குச் சேர்ந்துவிட்டதாகவும், சுவாச நோய் மாதிரிகளைப் பார்க்கும் பெஞ்சை உன்னிடம் கொடுத்திருப்பதாகவும் எழுதியிருந்தாய். மகிழ்ச்சி. கூடவே ஒரு கேள்வியும் கேட்டிருந்தாய். லெஜியோனேர்ஸ் நோய் என்ற நிமோனியாவுக்குச் சிறுநீரிலேயே கால் மணி நேரத்தில் விடை கிடைத்துவிடுகிறது. பிறகு எதற்குப் பத்து நாள் காத்திருந்து சளியிலிருந்து கிருமியை வளர்த்துக் கல்ச்சர் செய்ய வேண்டும்? உன் கடிதத்தில் இருந்த மற்ற எல்லாவற்றையும் தள்ளி வைத்துவிட்டு இதற்கு மட்டும் பதில் எழுதுகிறேன். ஒரு நாட்டின் நோய்க் கண்காணிப்பு உருப்படுவதும் வீணாவதும் இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது.

சிறுநீர்ப் பரிசோதனையை நான் குறைத்துப் பேசமாட்டேன். 1976 ஜூலையில் ஃபிலடெல்ஃபியாவின் பெல்வியூ ஸ்ட்ராட்ஃபோர்டு ஹோட்டலில் அமெரிக்க முன்னாள் படைவீரர்கள் மாநாடு நடத்திவிட்டுக் கலைந்தார்கள். அவர்களைச் சேர்ந்த 182 பேர் நோயில் விழுந்து 29 பேர் இறந்தார்கள். 2001இல் ஸ்பெயினின் முர்சியா நகரில் 449 பேருக்கு இதே நோய் உறுதியானது. இறந்தவர்கள் நூற்றுக்கு ஒருவர் என்ற அளவில்தான். வித்தியாசத்துக்குப் பல காரணங்கள் உண்டு. ஆனால் நோயாளி வந்த அன்றே இன்ன நோய் என்று தெரிந்து சரியான மருந்து போடப்பட்டது அவற்றில் முக்கியமானது. பென்சிலின் வகை மருந்துகள் இந்தக் கிருமியிடம் பலிக்காது என்பதால், நாம் சொல்லும் விடை ஒவ்வொன்றும் வார்டில் மருந்துச்சீட்டை மாற்றுகிறது. ஆகவே அந்தச் சோதனையைச் செய், உடனே செய், பாசிட்டிவ் வந்தால் உடனே போனில் சொல்.

ஆனால் அது எதைப் பார்க்கிறது என்பதை மறந்துவிடாதே. இந்தக் கிருமியின் பெயர் லெஜியனெல்லா; அந்தப் பேரினத்தில் அறுபதுக்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. சிறுநீர்ப் பரிசோதனை பெரும்பாலும் லெஜியனெல்லா நியூமோஃபிலா என்ற ஓர் இனத்தின் முதல் செரோகுரூப்பை மட்டுமே பிடிக்கும். அதிலும் சிலரைத் தவறவிடும். நெகட்டிவ் என்றால் நோய் இல்லை என்று பொருள் கொள்கிற மருத்துவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அவர்களுக்கு அதை எடுத்துச் சொல்வதும் உன் வேலைதான்.

நியூசிலாந்தில் நடந்ததைப் பார். அங்கே தோட்டத்துத் தொட்டிகளில் போடும் உரமண்ணிலிருந்து பரவும் லெஜியனெல்லா லாங்பீச்சே மிகுதி. சிறுநீரில் அது தெரியாது. 2010 இறுதியில் கிறைஸ்ட்சர்ச் ஆய்வகத்தார் ஒரு முடிவு எடுத்தார்கள். மருத்துவர் குறிப்பிட்டுக் கேட்டாலும் கேட்காவிட்டாலும், நிமோனியா நோயாளியிடமிருந்து வரும் சளி மாதிரிகள் எல்லாவற்றிலும் லெஜியனெல்லாவுக்கான பிசிஆர் என்ற மரபணுச் சோதனையைச் செய்துவிடுவது என்று. கண்டுபிடிக்கப்பட்ட நோயாளிகளின் எண்ணிக்கை நான்கு மடங்கானது. பிறகு 2015-16இல் நாடு முழுவதும் 20 மருத்துவமனைகளில் ஓராண்டு இதையே செய்தபோது மூன்று மடங்கானது. ஊரில் நோய் திடீரென்று பெருகிவிடவில்லை, தேடினார்கள், கிடைத்தது. ஒரு நாடு வெளியிடும் ஆண்டு எண்ணிக்கையைப் படிக்கும்போதெல்லாம், அங்கே யாரிடம், எந்த மாதிரியில், எந்தச் சோதனையைச் செய்தார்கள் என்றுதான் நான் முதலில் பார்ப்பேன்.

இனி கல்ச்சருக்கு வருகிறேன். நோயாளியைக் குணப்படுத்தச் சிறுநீர் போதும். நோய் வந்த வழியை அடைக்க அது போதாது. கூலிங் டவரிலிருந்தா, மருத்துவமனை ஷவரிலிருந்தா, ஏதோ ஹோட்டலின் நீர்ச்சுழல் தொட்டியிலிருந்தா என்று சொல்ல வேண்டுமானால், நோயாளியின் நுரையீரலில் இருந்த கிருமியும் தண்ணீரில் இருந்த கிருமியும் ஒன்றுதானா என்று ஒப்பிட்டாக வேண்டும். ஏழு மரபணுக்களை வரிசைப்படுத்தி ஒப்பிடும் முறை இருக்கிறது. இப்போது முழு மரபணுத் தொகுதியையே படித்துவிடுகிறார்கள். இதற்கெல்லாம் உயிருள்ள கிருமி தட்டில் வளர்ந்திருப்பதுதான் உத்தமம். சிறுநீர்ப் பரிசோதனைப் பட்டையில் விழும் கோட்டை வைத்து எந்தத் தண்ணீரோடும் ஒப்பிட முடியாது.

சளி வந்தால் என்ன செய்வாய்? பிற மாதிரிகளுக்குப் பழகிய கை இங்கே தவறு செய்யும். சீழ் அணுக்கள் குறைவாக இருந்தால் அது சளியல்ல, எச்சில் என்று ஒதுக்கிவிடுவது வழக்கம். லெஜியோனேர்ஸ் நோயாளியின் சளியில் சீழ் அணுக்கள் பெரும்பாலும் குறைவாகத்தான் இருக்கும். அந்த விதியை வைத்து இதைத் தூக்கிப் போடாதே. கிராம் ஸ்டெயினில் கிருமி சரியாகச் சாயம் ஏறாது. ஸ்லைடில் ஒன்றும் தெரியவில்லை என்று கைவிடாதே. மாதிரியில் ஒரு பகுதியை அமிலத்திலோ 50 டிகிரி சூட்டிலோ சற்று நேரம் வைத்தால் மற்ற கிருமிகள் அடங்கும், இது தாக்குப்பிடிக்கும். கரியும் ஈஸ்ட் சாறும் சேர்த்த அந்தக் கறுப்புத் தட்டில் இடு. மறுநாள் எதுவும் இருக்காது. மூன்றாம் நாளிலிருந்து தட்டை உருப்பெருக்கியின் கீழ் சாய்த்துப் பார். ஓரத்தில் நீலமோ இளஞ்சிவப்போ மினுங்க, நடுவில் சொரசொரப்பான கண்ணாடி போல ஒரு சின்னக் காலனி தென்படும். அதை எடுத்து ரத்த அகாரிலும் கரித்தட்டிலும் ஒருசேர இட்டுப் பார். சிஸ்டைன் இல்லாமல் இதனால் வாழ முடியாது. கரித்தட்டில் மட்டும் வளர்ந்தால் நீ தேடியது கிடைத்துவிட்டது. பத்து நாள் ஆகும் முன்னே தட்டைக் குப்பையில் போடாதே.

இந்தக் கிருமியைக் கண்டுபிடித்த ஜோசஃப் மெக்டேட் கதையை எங்கள் ஆசிரியர்கள் எங்களுக்குச் சொன்னார்கள். நான் உனக்குச் சொல்கிறேன். அட்லாண்டாவின் நோய்த்தடுப்பு மையத்தில் அவர் ரிக்கெட்சியா ஆய்வாளர். 1976 ஆகஸ்டில், இறந்தவர்களின் நுரையீரல் திசுவைக் கினிப்பன்றிகளில் செலுத்திப் பார்த்தபோது ஸ்லைடில் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கோல் வடிவக் கிருமிகள் தெரிந்தன. வெளியிலிருந்து கலந்தவை என்று எடுத்துக்கொண்டார். முட்டைகளில் வளர்க்க முயன்றபோது, வேறு கிருமிகள் தலையெடுக்காதிருக்க ஆன்டிபயாட்டிக் சேர்த்தார். அதுவே தேடிய கிருமியையும் தடுத்தது. டிசம்பர் கடைசியில், விடை தெரியாத உறுத்தல் தாங்காமல் பழைய ஸ்லைடுகளை மறுபடியும் எடுத்துப் பார்த்தார். கோல்கள் கூட்டமாக இருந்த ஓர் இடம் கண்ணில் பட்டது. இம்முறை ஆன்டிபயாட்டிக் இல்லாமல் முட்டைகளில் வளர்த்தார். பிழைத்தவர்களின் சீரத்தோடு சேர்த்துப் பார்த்தபோது பதில் கிடைத்தது. 1977 ஜனவரி 18 அன்று உலகுக்கு அறிவித்தார்கள்.

அந்த ஸ்லைடுகள் தூக்கி எறியப்பட்டிருந்தால்? இன்னொன்றும் கேள். 1965இல் வாஷிங்டனின் செயின்ட் எலிசபெத்ஸ் மருத்துவமனையிலும், 1968இல் மிச்சிகனின் பான்டியாக்கிலும் காரணம் புரியாத நோய் பரவியிருந்தது. அப்போது எடுத்த சீரத்தை யாரோ பொறுப்பாக உறையவைத்துப் பாதுகாத்திருந்தார்கள். கிருமி கையில் கிடைத்ததும் அந்தப் பழைய குப்பிகளைத் திறந்து சோதித்தார்கள். இரண்டு மர்மங்களும் தீர்ந்தன. வளர்த்த கிருமியையும் நோயாளியின் சீரத்தையும் தேதியிட்டு உறைபெட்டியில் வை. யாரும் கேட்கவில்லையே என்று இருந்துவிடாதே.

கண்காணிப்பு என்றால் மேலிடத்து வேலை, நாம் படிவம் அனுப்பினால் சரி என்று நினைப்பவர்கள் உண்டு. அது ஏன் தவறு என்று பார். 1999 பிப்ரவரியில் நெதர்லாந்தின் போவன்கார்ஸ்பெல் மலர்க் கண்காட்சியில், விற்பனைக்காக ஓடவிட்டிருந்த ஒரு நீர்ச்சுழல் தொட்டியைக் கடந்து நடந்து போனவர்களுக்கு நோய் வந்தது. யாரும் அதில் குளிக்கவில்லை. கிருமி உடலில் நுழைந்து நோய் தலைகாட்ட இரண்டிலிருந்து பத்து நாள் ஆகும். அதற்குள் அவரவர் வீடு போய்ச் சேர்ந்துவிட்டார்கள். ஹோட்டல்களில் தொற்றியவர்களோ நாடு விட்டு நாடு போய்விடுகிறார்கள். மான்செஸ்டரில் ஒருவர், ரோமில் ஒருவர் என்று படுத்தால், இரண்டு மருத்துவமனைகளுக்கும் அது ஒற்றை நிமோனியாதான். இரண்டாண்டுக்குள் இருவரும் ஒரே விடுதியில் தங்கினார்கள் என்பது ஐரோப்பியக் கண்காணிப்பு வலையமைப்பில் இரண்டு தகவல்களும் சேரும்போதுதான் தெரியும். படிவத்தில் நோய் தொடங்கிய தேதியும் தங்கிய இடமும் காலியாக இருந்தால் அவை ஒருநாளும் சேராது. காலியாக வந்த படிவத்தை அப்படியே மேலே அனுப்பாதே. வார்டுக்குப் போன் போட்டுக் கேள்.

இங்கிலாந்தில் 2010 முதல் இது கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோய். சிறுநீர் பாசிட்டிவ் ஆனவரின் சளியை லண்டன் காலிண்டேலில் உள்ள தேசிய ஆய்வகம் வாங்கிச் சோதித்துத் தருகிறது. ஆன்டிபயாட்டிக் தொடங்கிவிட்டார்கள், இனி சளி எதற்கு என்று நர்ஸ் சொன்னாலும் தயங்காதே. அதன் பிறகும் வளர்வதுண்டு, பிசிஆரில் தெரிவதுண்டு. அடுத்த முறை உன் பெஞ்சில் பட்டையில் இரண்டாவது கோடு விழுந்ததும், ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்ட கையோடு வார்டைக் கூப்பிட்டுச் சளி மாதிரி கேள். இன்று கிடைக்காவிட்டால் நாளையும் கேள்.

அன்புடன்,
உன் அண்ணன்