பெயர் தேடும் பொறி: மிப்ஸ் செயலியில் கண்ட தீர்வு

முன்னுரை

பெயரைக் கொண்டு பொருளை அறிதல் மொழிக்கு மட்டும் உரியதன்று; கணிப்பொறிக்குள்ளும் அது இடையறாது நிகழ்கின்றது. லினக்ஸ் அமைப்பில் ஒரு நிரல் தனக்கு வேண்டிய செயற்கூறுகளைப் பொது நூலகங்களிலிருந்து இரவல் பெறுகின்றது. அவை எந்த நூலகத்தில், எம்முகவரியில் உள்ளன எனத் தேடி இணைப்பது இயங்குநிலை இணைப்பியின் கடமையாகும்.

பழைய முறை

பெயரின் எழுத்துகளை ஓர் எண்ணாக மாற்றி, அவ்வெண் சுட்டும் தொகுதியில் உள்ள பெயர்களை ஒவ்வொன்றாக ஒப்பிடுவது பழைய முறை. நூலகங்கள் வரிசையாகத் தேடப்படுவதால், பல தேடல்கள் 'இங்கு இல்லை' என்றே முடிகின்றன. அந்த 'இல்லை'யை அறிவதற்கே காலம் செலவாகின்றது.

புதிய முறை

2006-இல் ஜிஎன்யூ ஹாஷ் என்னும் முறை அறிமுகமாயிற்று. 5381-இல் தொடங்கி, ஒவ்வோர் எழுத்துக்கும் முந்தைய மதிப்பை 33-ஆல் பெருக்கி, அவ்வெழுத்தின் எண்ணைக் கூட்டுவது இதன் கணக்கு. ஆங்கிலச் சிறிய எழுத்தாகிய 'ஏ'யின் எண் 97. எனவே அவ்வோரெழுத்துப் பெயரின் மதிப்பு 177670 ஆகும்.

இம்முறையின் வாயிற்காவலன் புளூம் வடிகட்டி. பர்ட்டன் புளூம் 1970-இல் வெளியிட்ட கருத்து இது. வடிகட்டி 'இல்லை' என்றால் அது உறுதி. 'இருக்கலாம்' என்றால் மட்டுமே உள்ளே தேட வேண்டும். உள்ளேயும் முதலில் எண்களே ஒப்பிடப்படும். அவை பொருந்தினால்தான் எழுத்துகள் ஒப்பிடப்படும்.

மிப்ஸின் இடர்

இம்முறைக்கு ஒரு நிபந்தனை உண்டு. ஒரே தொகுதியைச் சேர்ந்த பெயர்கள் குறியீட்டு அட்டவணையில் அடுத்தடுத்து நிற்றல் வேண்டும். மிப்ஸ் செயலிக்குரிய பழைய உடன்படிக்கையோ, முகவரி அட்டவணையின் பொதுப்பகுதி எவ்வரிசையில் உள்ளதோ அவ்வரிசையிலேயே பெயர்களும் நிற்க வேண்டும் என்கிறது. ஒரே வகுப்பு மாணவரை மதிப்பெண் வரிசையிலும் அகரவரிசையிலும் ஒரே பதிவேட்டில் எழுத இயலுமா? இம்முரண்பாட்டால் மிப்ஸ் பல்லாண்டுகள் இவ்விரைவைப் பெறவில்லை. மிப்ஸ் செயலிகளோ, இணையத் திசைவிகள் போன்ற சிறு கருவிகளில் மிகுதியாகப் பயன்பட்டவை. அங்கே நினைவகமும் வேகமும் குறைவு; ஆதலால் இழப்பும் பெரிது.

தீர்வு

2019-இல் எக்ஸ்ஹாஷ் என்னும் வடிவம் வகுக்கப்பட்டது. பழைய பதிவேடு கலைக்கப்படவில்லை. ஹாஷ் வரிசையில் ஒவ்வோர் இடத்திலும் உள்ள பெயர், குறியீட்டு அட்டவணையில் எத்தனையாவது என்பதைச் சொல்லும் மாற்றுப் பட்டியல் ஒன்று சேர்க்கப்பட்டது. பெயர் ஒன்றுக்கு 4 பைட்டுகளே கூடுதல் செலவு. 'இல்லை' என்னும் விடைக்கு இப்பட்டியலைத் திறக்கவும் வேண்டுவதில்லை. எண் பொருந்தியபோதே இது தேவைப்படும்.

முடிவுரை

பழைய உடன்படிக்கையை மாற்றியிருப்பின், அதனை நம்பி உருவான நிரல்கள் இயங்காமற் போயிருக்கும். புதுமையை மறுத்திருப்பின், தாமதம் தொடர்ந்திருக்கும். இரண்டிற்கும் இடையே ஒரு சிறு பட்டியல் பாலமாயிற்று. மரபைக் காத்துக்கொண்டே புதுமையை ஏற்க வழியுண்டு என்பதை மாணவர்கள் இதனால் உணரலாம்.